துண்டுக்கு அடியில்

மயிலாப்பூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பிராவுக்கு வெயில் கிடையாது. மொட்டை மாடிக் கொடியில் முதலில் அதைப் போட்டு, மேலே கனமான துண்டை விரித்து, கிளிப் மாட்ட வேண்டும். மாடி நாலு குடித்தனத்துக்கும் பொது. என் மாமியார் தினமும் மேலே வந்து சரிபார்ப்பார். ஓரத்தில் ஒரு பட்டை எட்டிப் பார்த்தால் போச்சு.

“புருஷாள் நடமாடற எடம்டி. பாடியைப் போய் இப்படியா போடுவா?”

கல்யாணமான நாளிலிருந்து நானும் மறுபேச்சில்லாமல் செய்தேன். சாயங்காலம் துண்டு மொறமொறவென்று காய்ந்திருக்கும், அடியில் இருப்பது மட்டும் காயாது. மறுநாள் அந்த ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன்.

போன வருடம் மார்புக்கு அடியில் அரிப்பு தொடங்கியது. உயிர் போகிற அரிப்பு. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நாலு மாதம் பல்லைக் கடித்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டுக் காரணம் கேட்டபோது வாய் வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு முன் கடைசியாக ஆழ்வார்பேட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பிராவை எங்க காயப்போடுறீங்க?”

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“படர்தாமரைங்க இது. ஈரத்தோட போட்டா நான் எவ்ளோ கிரீம் குடுத்தும் பிரயோஜனமில்ல. நல்ல வெயில்ல காயணும்.”

அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குத் தயாராகத்தான் மாடி ஏறினேன். மாமியார் கண்ணெதிரிலேயே என் பிராக்களை வெட்டவெளியில் மாட்டிவிட்டு, டாக்டர் சொன்னதை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் கொடியிலிருந்த தன் துண்டை உருவினார். என்னுடையதை மூடத்தான் என்று நினைத்தேன். அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடியில் கிடந்த தன் வெள்ளைப் பாடியை எடுத்து உதறி, என்னுடையதற்குப் பக்கத்தில் வெயிலில் மாட்டினார்.

“நேக்கும் இருபது வருஷமா அரிக்கறதுடி. யார்ட்டன்னு போய் சொல்றது?”

கொண்டுபோன சண்டையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னால் நாலு மாதமே தாங்க முடியவில்லை.