திருச்சி லாட்ஜும் மலேசியா சர்வரும்

வெளிநாடு போறவங்களுக்கு வி.பி.என். போட்டுக் கொடுக்கிற தொழில்ல ஒரே ஒரு சௌகரியம்தான்: கோளாறு வந்தா வாடிக்கையாளர் நேர்ல வந்து திட்ட முடியாது, போன்லதான் திட்டுவாங்க. வீட்டுல "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு"ன்னு பேர் வாங்கித் தொலைச்சவங்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியாம யாருக்குப் புரியும்? மலேசியாவுல ஈப்போ டவுன்ல, ஜமால் நானாவும் (நானான்னா அண்ணன்) நானும் கூட்டா ஒரு போன் கடை வச்சிருக்கோம். வியாபாரம் அவரு, ரிப்பேர் நான். வி.பி.என். தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன்: ஒரு ஊர்ல உக்காந்துக்கிட்டே இன்னொரு நாட்டு லைன் வழியா இண்டர்நெட்டுக்குள்ள நுழையிற வழி அது.

சேலை எடுக்கப் போன இடத்துல

மாலதி எனக்குத் தங்கச்சி மாதிரி, பீடோர் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்துல தற்காலிக டீச்சர். நிரந்தர வேலைக்கு ரெண்டு தடவை நேர்முகத் தேர்வுக்குப் போய் ரெண்டு தடவையும் கிடைக்காம வந்தவ. மச்சினன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, புருஷன் குணாவோட திருச்சிக்குப் போய் ஒரு லாட்ஜ்ல தங்கியிருந்தா. சனிக்கிழமை எனக்கு போன் பண்ணி ஒரே அழுகை. திங்கட்கிழமை காலை மலேசியா நேரம் பத்து மணிக்கு ஆன்லைன்ல நேர்முகம்னு தகவல் வந்திருக்கு. ப்ளேன்ல இடம் இல்ல. தேதி மாத்த மாட்டாங்க. நேர்முகம் நடத்துற ஆபீஸ்ல கேட்டுப் பார்த்திருக்கா. எங்க இருந்து பேசினாலும் பரவாயில்ல, ஆனா எங்க இணையதளம் மலேசியா லைன்ல மட்டும்தான் தொறக்கும்னு சொல்லிட்டாங்களாம்.

"அழாத, நான் போட்டுத் தாரேன்"னேன். அவளுக்கு வயசு வரம்பு தாண்டப் போகுது. இதை விட்டா அடுத்தது கிடையாது. மூக்கை உறிஞ்சிக்கிட்டே எங்க மலேசியா 'லா'வோட சொன்னா: "அக்கா, இதுவும் போச்சுன்னா, எடுத்த சேலையைக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான் லா!"

பக்கத்து வீட்டு சர்வர்

ஆப் இறக்கியாச்சு, பணம் கட்டியாச்சு, தளம் தொறக்கல. ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அழிச்சுட்டுத் திரும்பப் போடச் சொன்னேன், போனை அணைச்சுப் போடச் சொன்னேன். ஊஹூம்! கடைசியில ஸ்கிரீனைப் படம் புடிச்சு அனுப்பச் சொன்னா, சிங்கப்பூர் சர்வர்ல நிக்குது. அதைத் தேர்ந்தெடுத்தது குணா. முன்ன ஜொகூர்ல இருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார்ல வேலைக்குப் போய் வந்தவன்.

"ஏண்டா, மலேசியான்னு தனியா இருக்கே, கண்ணு தெரியலையா?"ன்னு கத்திட்டேன். அவன் கொஞ்சம்கூட அசரல. "அக்கா, சிங்கப்பூர் லைன் ஸ்ட்ராங் லா. பாலம் தாண்டினா நம்ம ஊருதானே!"

விழாம நிக்கிறது

ஞாயித்துக்கிழமை ஒத்திகை. முதல்ல லாட்ஜ் வைஃபை படுத்துச்சு. அதுல ரூம் நம்பர் போட ஒரு பக்கம் வரணும். வி.பி.என்.னை முன்னாடியே போட்டுட்டா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அணைச்சுட்டு, ரூம் நம்பரைப் போட்டு, அப்புறம் வி.பி.என்.னைப் போடச் சொன்னேன். தொறந்துச்சு. போன உயிர் எனக்குத் திரும்பி வந்துச்சு.

மலேசியான்னு மூணு சர்வர் இருந்துச்சு. ஒண்ணு பேருக்குத்தான் மலேசியா, உண்மையில இருக்கிறது வேற நாட்டுல. அதைத் தள்ளிட்டேன். இன்னொண்ணு பறக்குது, ஆனா அடிக்கடி அறுந்து போகுது. மூணாவது மாட்டு வண்டி, ஆனா போய்ச் சேருது. அதையே வச்சுக்கிட்டு நானாவை அதிகாரி மாதிரி உக்கார வச்சேன். அவரு தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு மணி நேரம் அவளைக் குடைஞ்சு எடுத்தாரு. லைன் ஒரு தடவைகூட விழல. முடிவுல நானா சொன்னாரு: "லைனும் பாஸ், டீச்சரும் பாஸ். எம் மவனுக்குக் கணக்கு சொல்லித் தர எப்பம்மா வாரீங்க?"

ஏழரை மணி, பத்து மணி

திங்கட்கிழமை. பத்து அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கு. குணா போன்ல இருந்து மாலதி கூப்பிட்டா. எல்லாம் தயார், வி.பி.என். பச்சையா எரியுது, ஆனா உள்ள போக மாட்டாளாம்! திருச்சியில அப்ப மணி ஏழரை ஆகப் போகுது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம். முன்ன ரெண்டு தடவையும் ராகு காலத்துல உள்ள போய்த்தான் வேலை கிடைக்கலைன்னு அவளுக்கு மனசுல பதிஞ்சு போச்சு. ஒன்பது மணிக்கு மேல போறேன்னா. "அடியே, அதுக்குள்ள ஆளே வரலைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்கடி!"ன்னு நான் கத்த, அவ அழ, கடையில இருந்த கூட்டமே திரும்பிப் பார்த்துச்சு.

நானா மட்டும் நிதானமா செவத்துக் காலண்டரைப் பார்த்தாரு. "ஏம்மா, இங்க ராகு காலம் ஒன்பதுக்கே முடிஞ்சிருச்சே?"ன்னாரு. ஐயோ, அந்த மனுஷனைக் கட்டிப் புடிக்கணும் போல இருந்துச்சு எனக்கு! "மாலதி, கேளு. நீ நேரா உள்ள போகல. உன் லைன் மலேசியா சர்வருக்கு வந்து, அங்கிருந்துதான் ஆபீஸுக்குள்ள நுழையுது. நுழையிற எடத்துல மணி பத்து. ராகு காலம் எப்பவோ போயிருச்சு"ன்னேன். அவ மெதுவா, சர்வர் பேருக்கு மலேசியாவா, நெசமாவே அங்க இருக்கான்னு கேட்டா. நேத்தே பார்த்துட்டேன், கோலாலம்பூர்லதான் இருக்கு, சத்தியம்னேன். மூக்கைத் துடைச்சுக்கிட்டா. "அப்ப சரிக்கா. நான் ஈப்போ நேரத்துல உள்ள போறேன்."

ஆர்டர் வந்த அன்னிக்கு

லைன் கடைசி வரைக்கும் நின்னுச்சு. அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒரு தகவலும் இல்ல. ஒருநாள் மத்தியானம் மாலதி கடைக்குள்ள வந்தா. வந்து என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. "கிடைச்சிருச்சுக்கா"ன்னா. ரெண்டு பேரும் நல்லா அழுதோம், வெக்கமே இல்லாம. நானா போய் மூணு தே தாரே, அதான் எங்க ஊரு ஆத்துன டீ, வாங்கிட்டு வந்தாரு.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எப்ப வேலையில சேரணும்னு கேட்டேன். அவ முகம் லேசா மாறிச்சு. "வர்ற திங்கட்கிழமைக்கா, காலையில ஏழரைக்கு. அந்த நேரத்துக்கு ஏதாவது நல்ல சர்வர் இருக்கா?"

இப்பல்லாம் என்கிட்ட வி.பி.என். கேட்டு வாரவங்க யாரும் வேகம் எவ்வளவுன்னு கேக்கிறதில்ல, அந்த சர்வர் இருக்கிற ஊர்ல இப்ப மணி என்னன்னுதான் கேக்கிறாங்க.