கமலாதேவி தைக்காத போர்வை

திருகோணமலைப் பாலையூற்றில் கமலாதேவியின் வீட்டை விசாரித்தால் ஒருவரும் இலக்கம் சொல்ல மாட்டார்கள், தையல் மிசின் சத்தம் கேட்கிற வீடு என்றுதான் கையைக் காட்டுவார்கள். உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுப்பது அவளுடைய தொழில். வயது ஐம்பத்தெட்டு. கால் மிசினை மிதிக்கிற வேகத்துக்கு வாயும் ஓடும். அவளிடம் தையலில் பிழை சொல்லிவிட்டுச் சும்மா திரும்பியவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

அப்படிப்பட்டவள், வீட்டிலேயே இருக்கிற ஒரே மகள் சிவாஜினிக்கு ஒன்பதாம் மாதம் வந்த பிறகும், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கென்று ஒரு சாண் துணிகூட வெட்டவில்லை. யாராவது கேட்டால் பிறக்கட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஹோட்டல்காரரின் மெத்தை உறைக்குள் தலையைப் புதைத்துக் கொள்வாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளை பிறக்க முன்பு உடுப்புத் தைக்கக்கூடாது, தொட்டில் வாங்கக்கூடாது என்பது நம் சனத்தின் பழக்கம். கமலாதேவி அதையெல்லாம் கணக்கெடுக்காதவள். மூன்று வருடங்களுக்கு முன்பு சிவாஜினி முதல் பிள்ளையைச் சுமந்தபோது, ஆறாம் மாதமே மஞ்சளும் வெள்ளையுமாகத் துண்டுத்துணிகளைப் பொருத்தி ஒரு சின்னப் போர்வை தைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டினாள். எட்டாம் மாதம் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அசையாமல் போய்விட்டது. ஆண்பிள்ளை. ஏனென்று டொக்டர்மாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் போர்வையில்தான் கமலாதேவி அவனைச் சுற்றினாள், தன் கையாலேயே மருமகன் சசிகரனிடம் கொடுத்தாள். சசிகரனும் அவளுடைய புருஷன் ஞானசேகரமும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருத்தி, பெயர் எதற்கு, தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துவிட்டு, முன்கூட்டித் தைத்ததுதான் பிழை என்று கமலாதேவியின் காதோடு சொல்லிவிட்டுப் போனாள். எழும்பிப் போகிற நேரத்தில் ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன வந்தது, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்திருப்பாள். கேட்டவளுக்கல்லவா அது நெஞ்சில் முள்ளாக நின்றது. கமலாதேவி அதை யாரிடமும் சொல்லவில்லை. நம்பாமல் இருந்தவள் அன்றிலிருந்து நம்பத் தொடங்கினாள்.

இந்த முறை டொக்டர் நாள் குறித்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வர வேண்டும், செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் சசிகரனின் விளையாட்டுக் கழகம் குடும்ப ஓட்டம் வைத்தது. மைதானத்தில் தொடங்கி, கோட்டை வாசல்வரை போய், கடற்கரையோரமாகத் திரும்பி வர வேண்டும். ஓடலாம், நடக்கலாம், சிரித்துக்கொண்டு நின்றாலும் கேட்பாரில்லை. வருடாவருடம் புருஷனோடு ஓடுகிற சிவாஜினி, இந்த வருடம் அம்மா ஓடட்டும் என்று பிடிவாதமாக நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி கேட்டால் மறுக்க முடியுமா? கமலாதேவி மகளின் பழைய பஞ்சாபி உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஞானசேகரத்தின் கன்வஸ் சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறையோடு காலை நுழைத்துக்கொண்டு புறப்பட்டாள். ஞானசேகரம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை.

மைதானத்து வாசலில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை. எத்தனை பேர் என்று அதில் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். முடிவில் தலைக்கொரு இளநீர் என்பதால் ஓடாமல் குந்தியிருக்கிறவர்களையும் எண்ணினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பிள்ளை ஒருத்தி பேனையைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் என்று கேட்டாள். சிவாஜினி முகம் முழுக்கச் சிரிப்போடு, ஐந்து என்றாள். அந்தப் பிள்ளை நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவாஜினி வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள்.

கமலாதேவி அந்த அட்டையைப் பார்த்தாள். வந்து சேராத ஒன்றை ஊரறிய எண்ணுவதா? என்ன சொல்கிறோம் என்று யோசிக்க முதலே சொல் வாயால் வந்துவிட்டது.

"நாலு எண்டு எழுதும் பிள்ளை. இருக்கிற ஆக்களை மட்டும் எண்ணும்."

சிவாஜினியின் கை வயிற்றிலிருந்து கீழே இறங்கியது. சிரிப்பும் அதோடு போனது. அவள் போய், வாகை மர நிழலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். கமலாதேவி பின்னால் போக ஒரு அடி எடுத்து வைத்தாள், அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

அவளும் சசிகரனும் நடந்தார்கள். சின்னப் பிள்ளைகள் காலுக்குள்ளால் ஓடினார்கள், தடித்த மனுசர் ஒருவர் பெண்சாதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எல்லாம் சிரிப்பும் கும்மாளமும்தான். கமலாதேவி மாத்திரம் வாய் திறக்கவில்லை. அவளோடு கால் கிலோமீற்றர் சத்தமில்லாமல் நடப்பதென்பது சசிகரனுக்குப் புது அனுபவம்.

கோட்டை வாசலுக்குக் கிட்ட ஏழெட்டு மான்கள் தெருவின் நடுவில் நின்றன. திருகோணமலை மான்களுக்கு ஓட்டப்போட்டி என்றால் என்ன, பஸ் என்றால் என்ன. அவை விலகும்வரை எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில்தான் சசிகரன் சொன்னான்.

"மாமி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஏன் இன்னும் ஒண்டும் தைக்கேல்லை எண்டு அவள் மூண்டு மாசமா என்னைக் கேக்கிறாள். இந்தப் பிள்ளையும் தங்காதெண்டு அம்மா நினைக்கிறாவோ எண்டு கேட்டு அழுகிறாள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

கமலாதேவி மான்களுக்கு இடையால் புகுந்து ஓடத் தொடங்கினாள்.

ஐம்பத்தெட்டு வயதில், புருஷனுடைய சப்பாத்தோடு, கடற்கரை வெயிலில் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கதைப்பார்கள். முன்னால் போனவர்களையெல்லாம் முந்தினாள். பரிசுக்காகத்தான் மனுசி பாய்கிறது என்று நினைத்து இருபக்கமும் நின்றவர்கள் கை தட்டினார்கள், விசிலடித்தார்கள். அவளுக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. பெற்ற மகள் மூன்று மாதமாக அப்படி நினைத்துக்கொண்டு பக்கத்து அறையிலேயே படுத்திருந்திருக்கிறாள், இவள் ஹோட்டல்காரருக்கு உறை தைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கண்ணீரும் வேர்வையும் ஒன்றாக வழிந்தன. முடிவுக்கோட்டில் நின்றவர் நீட்டிய மாலையைத் தட்டிவிட்டு அவள் நேரே வாகை மரத்தடிக்குப் போனாள்.

ஞானசேகரம் எழும்பிக் கதிரையைக் கொடுத்தார். அவள் அதில் இருக்கவில்லை. மகளுக்கு முன்னால் தரையில் குந்தினாள். மூச்சு வாங்கி முடிய நேரம் எடுத்தது.

"நான் தைச்சபடியாத்தான் அவன் போனான் பிள்ளை. திரும்பப் பிள்ளைக்கெண்டு துணியைத் தொட எனக்குப் பயம்."

சிவாஜினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், யார் சொன்னது என்று கேட்டாள். கமலாதேவி சொன்னாள், தேத்தண்ணிக்காரியின் பெயரையும் சேர்த்து. மூன்று வருடம் வைத்திருந்த கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. சிவாஜினி தாயின் நனைந்த தலையில் கையை வைத்தாள்.

"அம்மா, அவனுக்கெண்டு இந்த உலகத்தில ஒரேயொரு சாமான்தான் இருந்தது. அது நீங்கள் தைச்சது. அதுவும் இல்லாமப் போயிருந்தானெண்டா நான் எப்பிடித் தாங்கியிருப்பன்?"

ஞானசேகரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவாஜினி கண்ணைத் துடைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வாட்டுக்குப் போகும்போது தன் பையில் போர்வை இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். இளநீர் கொண்டுவந்த சசிகரன் அங்கே நடந்ததை முகங்களைப் பார்த்தே விளங்கிக்கொண்டான்.

ஒரு கதையோடு பயம் போய்விடுமா என்ன. வீட்டுக்கு வந்து மிசினுக்கு முன்னால் இருந்த கமலாதேவி அதன் மூடியைக் கழற்றினாள், திரும்பவும் மூடினாள். ஆனாலும் அலுமாரியைத் திறந்தாள். பச்சைப்பிள்ளையின் தோலுக்குப் புதுத்துணி உறுத்தும், பாவித்துப் பாவித்து மெதுமையான துணிதான் நல்லது. அவளுடைய இரண்டு வொயில் சேலை, ஞானசேகரத்தின் வேட்டி, சசிகரனின் நீலச் சாரம், சிவாஜினி படித்த காலத்து வெள்ளைச் சீருடை எல்லாம் மேசைக்கு வந்தன. சதுரம் சதுரமாக வெட்டிப் பொருத்த நேரமில்லை. நீளப் பட்டிகளாக வெட்டி, பக்கத்துக்குப் பக்கம் மூட்டி, மூட்டியதைக் குறுக்கே வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பித் திரும்ப மூட்டினாள். அப்படிச் செய்தால் பார்க்கிறவர்களுக்குச் சதுரம்போலவே தெரியும், நேரம் பாதிதான். சசிகரன் மூட்டுகளை அழுத்தி அயன் பண்ணினான், ஞானசேகரம் நூல் நறுக்கினார். அவர் நறுக்கியதில் பாதியை அவள் பிழை சொன்னாள். வாய் திரும்பி வந்துவிட்டதென்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஞாயிறு மத்தியானம் மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்று மூன்று படையையும் சேர்த்துத் தைக்கும்போது ஊசி முறிந்தது. டிக்கென்ற அந்தச் சத்தத்தோடு கமலாதேவியின் கால் மிதியில் அப்படியே நின்றது. பிள்ளைக்குத் தைக்கும்போது ஊசி முறிவது நல்ல சகுனமா? சிவாஜினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மிசின் மேசை லாச்சியிலிருந்து வேறு ஊசியை எடுத்து நீட்டினாள்.

"மூண்டு படை தைச்சா ஊசி முறியும். மாத்திப்போட்டுத் தையுங்கோ."

அவள் மாற்றினாள், தைத்தாள். நாலு மணிக்கு வெந்நீரில் தோய்த்துக் கொடியில் போட்டதை, வறண்ட கச்சான் காற்று இருட்ட முன்பே காயவைத்துக் கொடுத்தது. திங்கட்கிழமை அது சிவாஜினியின் பையில் மேலாகப் போனது.

செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் தாதி பிள்ளைக்குத் துணி கேட்டபோது கமலாதேவி போர்வையை நீட்டினாள், விரல்களை மட்டும் எடுக்க முடியவில்லை. தாதி மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம். சசிகரன் நடந்தான், ஞானசேகரம் சுவரில் சாய்ந்து நின்றார், அவள் அவ்வளவு நேரமும் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. பெண்பிள்ளை, தாயும் சுகம் என்று சொல்லி, தாதி பொதியைக் கமலாதேவியின் கையில் வைத்தாள். சசிகரன் மாமியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஞானசேகரம் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, பிள்ளை யாரைப்போல என்று கேட்டார். கமலாதேவி இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"சூடா இருக்கிறாளப்பா," என்றாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் கையில் இருந்த பிள்ளை எவ்வளவு குளிர்ந்திருந்ததென்று ஞானசேகரம் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கண்ணாடியைப் போடாமலே அவளுக்குப் பக்கத்தில் வந்து, போர்வைக்குக் கீழே தன் கையையும் வைத்தார்.