தட்டில்லாத பீரோ

சிறுவயதில் எனக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் கிடையாது. இருந்த பயம் முழுவதும் எங்கள் கூடத்துச் சுவரில், தாத்தா படத்துக்குக் கீழே இரண்டு ஆணிகளில் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கியிடம்தான். கொள்ளிடக் கரையில் எங்களுக்கு ஒரு வாழைத்தோப்பு இருந்தது. பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டுகிறது என்று தாத்தா லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அது. அவருக்குப் பிறகு அப்பா பேருக்கு வந்தது. அப்பா சுட்டு ஒரு பன்றியாவது செத்தது என்று ஸ்ரீரங்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அதற்கு அடியில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. அது சில சமயம் தானாகவே வெடித்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஒரே ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சித்தி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. முன்பெல்லாம் வந்தால் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறை வரை போய்க் காவிரியைக் காட்டிக் கூட்டி வருவார். இப்போது கூடத்து மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்புவார், ஆனால் நம்மைப் பார்க்க மாட்டார். மற்ற நேரமெல்லாம் அவர் பார்வை எதிர்ச் சுவரில் இருக்கும். தாத்தா படத்தைப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்த சில நாட்களில் அம்மா ஆரம்பித்தாள்.

"புள்ளைங்க இருக்கிற வீடு. அதை எடுத்துப் பூட்டி வைங்க."

"இத்தனை வருஷமா இந்த வீட்டுல புள்ளைங்க இல்லையா?" என்றார் அப்பா.

அம்மா சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே இருக்கவும், அப்பா இறங்கி வந்தார். ஒரு மரப்பெட்டி செய்து கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்றார். மரத்தை யாரும் உடைத்துவிடலாம், இரும்புதான் வேண்டும் என்றாள் அம்மா. என் பயம் எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, எனக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பஸ் ஏறித் திருச்சி பெரிய கடை வீதிக்குப் போனோம். கடையில் துப்பாக்கி என்று வாய்விட்டுச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம்.

"தட்டு இல்லாத பீரோ இருக்குங்களா?"

"தட்டு இல்லாமயா? உள்ள என்னங்க வைக்கப் போறீங்க?"

அப்பா திணறினார். "பட்டுப் புடவை."

"பட்டுப் புடவையை நிக்க வெச்சா அடுக்குவீங்க?" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு பீரோவாகக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இதை நெம்பித் திறக்க முடியுமாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்றைப் பிடித்து, உள்தட்டுகளைக் கழற்றச் சொன்னாள். அது வண்டியேறி வீட்டுக்கு வந்ததும், கொத்தனாரைக் கூப்பிட்டு உள்ளறைச் சுவரைத் துளைத்து, கம்பியும் சிமெண்டும் வைத்து பீரோவைச் சுவரோடு கட்டச் செய்தாள்.

துப்பாக்கி உள்ளே போனது. தோட்டாக்கள் வேறொரு டிரங்குப் பெட்டிக்குள் போயின. டிரங்குச் சாவி அப்பாவின் அரைஞாணில், பீரோ சாவி அம்மாவின் தாலிச் சரட்டில், ஊக்குகளோடு ஊக்காக. இருவரும் ஒரே நேரத்தில் மனசு வைத்தால்தான் இனி பன்றிக்கு ஆபத்து. டூப்ளிகேட் சாவியை அம்மா கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட்டுவிட்டாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். உண்டியலில் விழுந்தது பெருமாளுடைய சொத்து. அதைத் திரும்பக் கேட்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

அதற்குப் பிறகும் என் பயம் போகவில்லை. பீரோவைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே அது நின்றுகொண்டிருப்பது நினைவுக்கு வந்து ஓடியே கடப்பேன்.

ஒரு நாள் பிற்பகல். அப்பா தோப்புக்குப் போயிருந்தார். அம்மா கொல்லைப்புறத்தில் அடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து, "பாப்பா" என்று சித்தப்பா கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! ஓடினேன்.

"அம்மாகிட்ட பீரோ சாவி வாங்கிட்டு வரியாம்மா? துப்பாக்கி துருப் பிடிச்சிருக்கும். எண்ணெய் போட்டு வைக்கறேன்னு சொல்லு."

குரல் மிகவும் மெதுவாக இருந்தது. அவர் கையில் டிரங்குச் சாவி இருந்தது. குளிக்கும்போது அதைக் கழற்றி மாடத்தில் வைத்து மறந்துவிடுவது அப்பாவின் வழக்கம்.

கொல்லைக்குப் போய்ச் சொன்னேன். குழவி நின்றது. அம்மாவின் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையைக்கூடக் கழுவாமல், முழங்கை வரை மாவு வழிய ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"சாவி தொலைஞ்சு போச்சு, தம்பி."

சாவி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அம்மாவும் பார்த்தாள். மூடவில்லை, மறைக்கவில்லை. பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்கிற அம்மா, சாவியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே இப்படி ஒரு பொய் சொல்கிறாளே!

அம்மா மாவுக் கையை நீட்டினாள். "அந்தச் சாவியையும் குடுங்க. அதுவும் தொலைஞ்சு போகட்டும்."

கை நீட்டியபடியே இருந்தது. மாவு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கடைசியில் சித்தப்பா டிரங்குச் சாவியை அந்தக் கையில் வைத்தார்.

"சரி, அண்ணி."

"அடை சுடறேன். வந்து உக்காருங்க."

பீரோ எனக்காக வாங்கியதல்ல என்பதை நான் பெரியவளான பிறகு அம்மாதான் சொன்னாள். அதற்குள் சித்தப்பா தோப்பை எடுத்து நடத்தி, எங்கள் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிறவராக ஆகியிருந்தார்.

அன்று அம்மா அவரை அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, பாதி அரைத்த மாவில் அடை சுட்டுப் போட்டாள். வந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். சாப்பிடச் சாப்பிட அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மா மிளகாயை அதிகமாகப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.