றோசலின் அக்காவின் பகல் நித்திரை

காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நான்கு மணி வரை றோசலின் அக்காவின் வீட்டு மணியை யாரும் அடிக்கக் கூடாது. எங்கள் கட்டடத்தில் அது எழுதாத சட்டம். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு இரவு வேலை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, தூக்கி நாற்காலியில் இருத்துவது. மன்னாரிலிருந்து வந்த காலம் முதல் இதே வேலைதான். நான் அவருக்குக் கீழ்வீடு. விடிந்து அவர் வந்து கதவு பூட்டும் சத்தம் கேட்டால் வானொலியைக் குறைத்துவிடுவேன்.

கட்டடத்துக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் வெறும் காணி ஒன்று இருக்கிறது. போன வருடம் அதில் விளையாட்டரங்கு கட்டப்போவதாக அறிவித்தார்கள். பெரிய ஒலிபெருக்கிகள், சனி ஞாயிறு பகல் ஆட்டம், மற்ற நாட்களில் பயிற்சி. மேட்டுப் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கொதித்தார்கள். வாசலில் எதிர்ப்புப் பலகை நட்டார்கள். வாடகைக்கு இருக்கும் எங்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? அக்காவின் படுக்கையறை யன்னல் நேரே அந்தக் காணியைத்தான் பார்க்கிறது.

"அங்க ஸ்பீக்கர் பூட்டினா நான் எங்க போய்ப் படுக்கிறது?" என்று கண்ட இடமெல்லாம் என்னைக் கேட்டார். வீடு மாறவும் வழியில்லை. இன்றைய வாடகைக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு கனவிலும் கிடைக்காது.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் மத்தியானம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம்பெண் வீடு வீடாகக் கருத்துக் கேட்டு வந்தாள். எங்கள் சட்டம் அவளுக்கு எங்கே தெரியும்? மணியை அடித்தாள். அரை நித்திரையில் கதவைத் திறந்த அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணீர் ஊற்றி, பிரீசரில் இருந்த மீன் அடைத்த பற்றிஸ் பலகாரத்தைப் பொரித்தும் கொடுத்திருக்கிறார். அவள் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அரங்கு கட்டுவதில் உங்களுக்கு ஏதும் மறுப்பு உண்டா என்று கேட்டாள். பிரச்சினை இல்லை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு அக்கா சொல்லக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே அக்கா? வேண்டாம் எண்டு சொல்லத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தனீங்கள்?"

"வீட்டை வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, முகத்துக்கு நேர வேண்டாம் எண்டு எப்பிடியடி சொல்லுறது?"

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படித் தங்கள் நித்திரையைத் தாங்களே தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

பொதுக்கூட்டம் அவருடைய ஓய்வு நாளில் வந்தது. விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் அதே பெண். பின் கட்டடத்தில் இருப்பவர்கள் அரங்கை வரவேற்கிறார்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தில் அக்காவைக் கண்டுவிட்டு, "இதோ மடாம் றோசலின், எங்களுக்கு விருந்து தந்து அனுப்பியவர்" என்று கையைக் காட்டினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது, யாருடைய நித்திரையும் கெடாது என்றும் சொன்னாள்.

அக்கா எழுந்தார். அவருடைய பிரெஞ்சு, நோயாளிகளோடு கதைத்துப் பழகிய பிரெஞ்சு. நோகுதா, திரும்புங்கோ, பயப்படாதேங்கோ என்பதைத் தாண்டி அதிகம் போகாது. அன்று போனது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பிள்ளை, அண்டைக்கு நீங்கள் என்ர வீட்டில இருந்தனீங்கள். வீட்டை வந்த ஆளுக்கு நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். இது என்ர வீடு இல்லை, அதால சொல்லுறன். எனக்கு அது வேண்டாம். ஒன்பது மணிக்கு நீங்கள் சத்தத்தை நிப்பாட்டேக்க நான் வேலைக்கு வெளிக்கிட்டிடுவன். நீங்கள் விளையாடுற நேரம்தான் எனக்கு இரவு. நான் படுக்காமப் போனா, உங்கட அம்மாமாரைக் கை நடுங்காமல் ஆர் தூக்கிறது?"

காருக்காகச் சண்டை பிடிக்க வந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். அந்தப் பெண் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். பகல் சத்தத்தையும் ஆராய்ந்த பிறகே திட்டம் மேலே போகும் என்று கூட்டத் தலைவர் அறிவித்தார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். வழி முழுக்க நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவருக்கு மீண்டும் வேலை. பொழுதுபட்ட பிறகு, வேலைக்கு வெளிக்கிட்டு வந்தவரை மாடிப்படியில் கண்டபோது கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"என்னக்கா, படுக்கேல்லையோ? இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லையே."

"சத்தம் ஒண்டும் இல்லையடி. கண்ணை மூடினா அந்தப் பிள்ளையின்ர முகம்தான் வருது. என்ர கையால வாங்கிச் சாப்பிட்ட பிள்ளையை அத்தனை பேருக்கு முன்னால தலைகுனிய வச்சிட்டன்."

அப்படியே பஸ் பிடிக்கப் போனார்.