நூற்றெட்டு சதவீத உண்ணிக் காய்ச்சல்

போன வாரம் ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மிளகாய் அரைக்கும் நெடி மூக்கில் ஏறியது. நாலு தும்மல். ஐந்தாவதில் ஜெயந்தி நினைவுக்கு வந்துவிட்டாள். எங்கள் முதல் அலுவலகம் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. தும்மாமல் அங்கே ஒரு வரி கணினி நிரல் எழுதியதில்லை.

நான் போளூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஜெயந்தி திருமலைப் பக்கத்துத் தமிழ்ச் சமண நயினார் வீட்டுப் பெண், கணக்கில் புலி. இரண்டே பேர். விதிகளையும் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கொடுத்தால், எது எத்தனை சதவீதம் உண்மை என்று கணினி காரணத்தோடு சொல்ல வேண்டும். அதற்கொரு கருவி செய்துகொண்டிருந்தோம். எங்களை நம்பிய ஒரே ஆள் வெம்பாக்கத்துக் கால்நடை டாக்டரம்மா. மாட்டு நோய்களுக்கு நாற்பது விதிகள் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் காலை அவரிடமிருந்து போன். ஒரு பசு படுத்துவிட்டது. காய்ச்சல், சிவப்பாகச் சிறுநீர். உடம்பில் உண்ணி இருப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறாராம். உண்ணிக் காய்ச்சல்தானா? தட்டினோம். நூற்றுக்கு நூற்றெட்டு என்றது கருவி.

“நூத்தியெட்டா? நான் கேட்டது வைத்தியம்ங்க, அர்ச்சனை இல்ல,” என்றார் டாக்டரம்மா.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கூட்டல் என் கைவேலை. உண்ணியும் காய்ச்சலும் என்ற விதி வழியாக ஐம்பத்து நான்கு, உண்ணியும் சிவப்புச் சிறுநீரும் என்ற விதி வழியாக ஐம்பத்து நான்கு. பேசாமல் கூட்டி வைத்திருந்தேன். ஜெயந்தி திரையையே பார்த்தாள்.

“ரெண்டு வழியும் அதே உண்ணிய நம்பித்தான் நிக்குது. ஒரே உண்ணிய ரெண்டு வாட்டி எண்ணிகினு இருக்கோம்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்டு, இல்லை என்று எல்லாச் சாத்தியங்களையும் கிளை கிளையாகப் பிரித்து எண்ண வைத்தோம், கிளைகள் பெருகிக் கணினி திணறியது. ஒரே மாதிரி முடியும் கிளைகளை அவள் ஒன்றாக ஒட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: எழுபத்தாறு. அதன் கீழே, ஏன் என்பது வரி வரியாக. நான் துள்ளியதில் டீ முழுக்க விசைப்பலகையில்.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்து உறுதி செய்துகொண்டு ஊசி போட்டார். மூன்றாம் நாள் போன். “எழுந்து நின்னுகினு தீனி தின்னுதுங்க. உங்க மெஷினு கிட்ட சொல்லிடுங்க.” சொன்னோம். நிஜமாகவே திரையைப் பார்த்து இருவரும் சொன்னோம்.

அந்த மாடியை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஜெயந்தி கடல் தாண்டிப் போய்விட்டாள். நிரல் இருந்த கணினி பழுதாகி எடைக்குப் போயிற்று. இப்போது கைபேசியில் எதைக் கேட்டாலும் நொடியில் பதில் வருகிறது. வந்த வழியை வரி வரியாகப் படித்து, தப்பைப் பிடித்துத் துள்ளிய அந்தக் காலைகள்தான் போயே போய்விட்டன.