பால் இறங்கும் கோடு

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. பால்வெட்டுக்குப் போகும் என் மனைவி வீட்டில் இருந்தாள்; நானும் ஆட்டோவை எடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “நாளைக்கு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்” என்றாள்.

வகுப்பில் பாடத்தை வாசித்துவிட்டுக் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். வாசிப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதிலில் மாட்டிக்கொள்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

“வெள்ளிக்கெழம என்னம்மா கேட்டாங்க?”

“ரப்பர் ஷீட்டு எப்படிச் செய்றாங்கன்னு.”

“நாம திங்கிற சோறே அதுதானே! என்ன சொன்ன?”

“மொதல்ல பொகை போடணும், அப்பறம் மெஷின்ல உருட்டணும், அப்பறம் பால் ஒறைய எசிட்டு ஊத்தணும், கடைசியா மரத்துல பால் வெட்டணும்னு.”

மனைவிக்கு அடக்க முடியவில்லை. “அனே! கடைசியாத்தான் பால் வெட்டா? கங்காணிகிட்ட சொல்றேன், இனி விடியக்காலம் எந்திரிக்கத் தேவையில்லன்னு!”

மகள் புத்தகத்தை என் மடியில் போட்டாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மிச்சம் படித்ததெல்லாம் கடையில் சாமான் சுற்றித் தந்த தாளில். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். புகைக்கூடத்தில் தொங்கும் பொன்னிறத் தகடுகளில் பாடம் தொடங்கியது. அங்கு வருமுன் அவை உருளையில் அழுத்தப்பட்டன. அதற்கு முன்னர் பால் உறைய வைக்கப்பட்டது. அதற்கும் முன்னர்தான் மரம். ‘வாலைப் பிடிச்சிக்கிட்டு மாட்டைத் தேடுறது’ என்பார்கள் எங்கள் லயத்து வீடுகளில். பிள்ளை எழுத்து வந்த வரிசையிலேயே சொல்லியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து ரப்பர் பால் வாசத்தில் வளர்ந்தவளுக்கு, கண்ணால் கண்டதையே அந்த வரிசை மறக்கடித்துவிட்டது! எழுத்துக்கு அவ்வளவு பலமா?

“மழையில வெட்டினாலும் இப்படித்தான்” என்றாள் மனைவி. “பால் வெட்டுன கோட்டுல எறங்கி செரட்டைக்கு வராது. பட்டையெல்லாம் பரவி வீணாப் போகும்.”

மகள் எழுந்து உட்கார்ந்தாள். “அப்ப இந்தப் பாடத்துல கோடு எங்கம்மா?”

அவளே வரிகளில் விரலை ஓட்டினாள். ‘வருமுன்’, ‘அதற்கு முன்னர்’ இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டாள். “இது கீழருந்து மேல ஏறுதுப்பா!” கடைசி வாக்கியத்திலிருந்து மேலே வாசித்தாள். மரம், பால், உருளை, புகை. எல்லாம் அதனதன் இடத்தில்.

“சரி, அது தெரிஞ்ச வேல. நாளைக்கு உள்ள பாடத்தச் சொல்லு பாப்போம்” என்றாள் மனைவி.

நாளைய பாடம் துருவக் கரடியும் பென்குயினும். பனியை எங்கள் வீட்டில் யார் கண்டது? மகள் ‘முன்னர்’ என்ற சொல்லைத் தேடினாள். ஒன்றும் இல்லை. அவள் இன்னொரு தடவை வாசித்தாள்.

“அப்பா, இது ஓடல. தராசு மாதிரி நிக்குது. இந்தத் தட்டுல கரடி, அந்தத் தட்டுல பென்குயின். ‘ஆனால்’னு வர்ற எடத்துல தட்டு மாறுது.”

புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: கரடி வடக்குக் கோடியில், பென்குயின் தெற்கில். கரடிக்கு மயிர், பென்குயினுக்கு இறகு. பிறகு கொஞ்சம் யோசித்து, “ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்தே இருக்காது. பாவம்ல?” என்றாள்.

அந்த வரியைப் பாடத்தில் தேடினேன். திருப்பித் திருப்பித் தேடினேன். இல்லவே இல்லை.

வெளியே மழை விடவில்லை. மகள் வீட்டுக்குள் கட்டிய கொடியில் சொட்டிக்கொண்டிருந்த யூனிஃபார்மைத் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா, இத அடுப்புக்கிட்டப் போடுங்க. நாளைக்குள்ள காயணும்.”