பூட்டிய கடைக்குள் பணம் வாங்கிய குரல்

உத்திரமேரூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு மளிகைக் கடைக்குள், செத்துப்போன ஒரு பெண்மணி உட்கார்ந்து காசு வசூலிக்கிறார் என்று பட்டப்பகலில் நம்பியவன் நான். வயது ஐம்பத்திரண்டு. ஈப்போவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஏறினேன். உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே சென்னை விமான நிலையம். வாடகை மூவாயிரம் ரூபாய். கையில் நூற்றிருபது ரூபாயும் முந்நூறு மலேசிய ரிங்கிட்டும். மற்றதற்குக் கார்டு இருக்கிறதே என்ற தெம்பு.

பன்னிரண்டரைக்கு, டீசல் போட வாடகையை முன்னதாகவே ஓட்டுநர் கேட்டதும், தெம்பு தீர்ந்தது. முதல் ஏடிஎம்மில் பணம் இல்லை. இரண்டாவது என் கார்டை முகர்ந்து பார்த்துத் துப்பியது. மூன்றாவதில் பதற்றத்தில் ரகசிய எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தி, கார்டை நானே முடக்கினேன்.

ஓட்டுநர் சேகரிடம் ரிங்கிட்டை நீட்டினேன்.

"இத்த வச்சிக்கினு பங்க்குல டீசல் போடுவானா சார்? மாத்தற கடை காஞ்சிபுரத்துல கீது. இன்னிக்கு ஞாயித்துக்கெயம, மூடிக்கினு பூட்டிருப்பான்."

"தாம்பரத்துல என் மச்சான் இருக்காரு தம்பி. உங்க அக்கவுண்ட்டுல போடச் சொல்றேன்."

"ஐய, அத்த மட்டும் பண்ணாத சார்! வண்டி டியூ பாக்கி கீது. காசு உள்ள வுயுந்தா பைனான்ஸ்காரன் அப்டியே வாரிக்கினு பூடுவான். அப்பால நீயும் நானும் வண்டியத் தள்ளிக்கினு தான் போவணும்."

போனில் பணம் போட்டால் ரொக்கமாகத் தரும் கடைக்காரர் ஒருவர் தன் ஊரில் இருக்கிறார், ஆயிரத்துக்கு இருபது ரூபாய் கமிஷன் என்றார். ஆறு கிலோமீட்டர் போனோம். 'மல்லிகா ஸ்டோர்' ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வீடுகள் எல்லாம் வெளியே பூட்டு.

"குந்து சார், அவர இட்டாரேன்" என்று சேகர் நடந்து மறைந்தார்.

மணி ஒன்றே முக்கால். ஏழரைக்கு விமானம். கடைக்காரர் வரட்டும் என்று அறிவுள்ளவன் காத்திருப்பான். நான் ஷட்டரில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். 'போட்டாச்சு' என்று பதில் வந்தது.

உடனே கடைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: "மூவாயிரம் ரூபாய் பெறப்பட்டது."

ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்தேன். இருட்டு. ஒரு சிவப்புக் குண்டு பல்பு. அதன் கீழே மாலை போட்ட படத்தில் ஓர் அம்மாள். படத்தடியில் 'மல்லிகா' என்று பெயர், தோற்றம், மறைவு.

"இருபது ரூபாய் பெறப்பட்டது."

கொடுத்தது யார்? தெருவில் நான் ஒருவன்தான்.

"பத்து ரூபாய் பெறப்பட்டது." மறுபடியும், "இருபது ரூபாய் பெறப்பட்டது."

இந்த ஊர்க்காரர்கள் மொத்தமும் அந்த அம்மாள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அங்கிருந்து கட்டணம் கட்டுகிறார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டது. கை கூப்பினேன்.

"அம்மா, என் பணத்தைக் குடுத்திடுங்க. கமிஷனை வேணா எடுத்துக்குங்க."

"அறுபது ரூபாய் பெறப்பட்டது."

மூவாயிரத்துக்குச் சரியான கமிஷன். நடுத்தெருவுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. என் செருப்பில் ஒன்று கடை வாசலிலேயே கிடந்தது.

சேகரும் கடைக்காரரும் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துக் கீது?"

சொன்னேன். கடைக்காரர் பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கம்மாவா? உயிரோட இருக்கசொல்லவே பத்துக்கு மேல எண்ண வராது சார் அதுக்கு!"

கமிஷன் போக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கொடுத்தார். டீசல் போட்டோம், விமானத்தைப் பிடித்தேன்.

நடந்தது இதுதான். வறண்ட ஏரிக்குள் கிரிக்கெட் டோர்னமென்ட், ஊரே அங்கே. கடைக்காரர் கியூஆர் கட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து ஐஸ் பெட்டியில் ஒட்டி, அங்கே ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தார். வரவு சொல்லும் பெட்டி கடைக்குள் சார்ஜில் இருந்தது. அந்த அறுபது ரூபாய், அம்பயர் வாங்கிய மூன்று லெமன் ஜூஸுக்கு.